மூன்று தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டதாம். "உள்ள என்ன யோசனை ஓடுது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு ஏறாதே" என்றார். படித்த மனிதர், பிடித்துவிட்டார்.

என்ன வேலை என்றார். கால்ஃப் மைதானத்தில் புல் வெட்டுவது, மருந்து தெளிப்பது என்றேன். விளையாடுவீர்களா என்றார். பத்தொன்பது வருடமாக அந்தப் புல்லை வெட்டுகிறேன், ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவனிடம் படம் எப்படி என்று கேட்டால் விழிப்பானே, அப்படி விழித்தேன்.

"விளையாடிப் பாருங்க. பந்தைப் பார்த்து நிக்கிறப்ப வேற எதையும் யோசிக்க முடியாது" என்றார். பாவம், அவருக்கு என்னைத் தெரியாது. பல் விளக்குகிற நேரத்தில் ஒரு முழு விசாரணையே நடத்தி முடிக்கிறவன் நான்.

இந்த நோட்டு மகள் வாங்கிக் கொடுத்தது. "உள்ள ஓடுறத இதுல இறக்கி வைங்கப்பா" என்றாள். பத்தாவதில் கட்டுரைக்குப் பத்துக்கு மூன்று வாங்கியவன் நான். அவளுக்கு அது தெரியாது.

மார்ச் 5, புதன்

சரி, ஓடுவதை எழுதுகிறேன். ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது.

ஏழாவது கிரீன். கிரீன் என்றால் குழியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டி வைத்திருக்கிற புல். போன மாதம் ஒரு வியாழக்கிழமை தெளிக்கும் வண்டியில் நான் களைக்கொல்லி அடித்தேன், நடைபாதை ஓரத்துக்கு. வண்டியை யார் கடைசியாக எடுத்தார்களோ அவர்கள்தான் தொட்டியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி வைக்க வேண்டும். மறுநாள் காலை, என்னோடு வேலை பார்க்கிற நெட்டை அதே வண்டியில் உரம் கலந்து ஏழாவதுக்கு அடித்தான். நாலே நாளில் கிரீன் முழுக்க மஞ்சள் பட்டை பட்டையாகக் கருகிப்போனது.

மேனேஜர் பதிவேட்டைப் பார்த்தார். 'தொட்டி கழுவியது: 3 முறை', கீழே என் கையெழுத்து. "கழுவினீங்களா?" என்றார். "கழுவினேன் சார்" என்றேன். அப்படியானால் நெட்டைதான் உரத்துக்குப் பதிலாகக் களைக்கொல்லி கேனை எடுத்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை கேன். "சரியான கேனைத்தான் எடுத்தேன் சார்" என்று நெட்டை இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. அந்த வாரமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான் கழுவினேன். அதுதான் ஓடுகிறது. கழுவினேன், கழுவினேன் என்று. கழுவினவனுக்கு எதற்கு ஓடுகிறது?

மார்ச் 7, வெள்ளி

கழுவினேன். ஞாபகம் இருக்கிறது. என் பூட்ஸில் இடது கால் பக்கம் ஒரு வெடிப்பு. தொட்டி கழுவும்போது தண்ணீர் அதில் புகுந்து பாதம் சில்லென்று ஆகும். ஆனது. ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

திங்கட்கிழமை காலை மட்டும் எங்களைப் போன்ற வேலையாட்கள் விளையாடலாம். இத்தனை வருடம் அந்த நேரத்தில் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்று பழைய மட்டை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன்.

ஜோடி சேர்ந்தது கேன்டீன் அக்கா. சமையலறையில் முப்பது பேருக்கு முட்டை பொரிக்கிற கை. பந்தை வைத்தார், அடித்தார், அது பாட்டுக்குப் போய் நடுவில் உட்கார்ந்தது. நான் அடித்தேன். பந்து அங்கேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த மண் பத்தடி பறந்தது.

"தம்பி, வேலை நேரத்துலதான் புல்லு வெட்டணும்" என்றார்.

பூட்ஸோடு வந்தால் கிரீனில் தடம் விழும். அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதனால் வீட்டிலிருந்த நல்ல ஷூவைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். காலைப் பனியில் புல் நனைந்திருந்தது.

ஒன்பது குழிக்கு எண்பத்து நான்கு அடி. எவ்வளவு குறைய அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது இந்த ஆட்டத்தில். எண்ணியவர் அக்கா. நான் அறுபதிலேயே எண்ணுவதை விட்டுவிட்டேன். நெட்டை ஞாபகம் எத்தனை தடவை வந்தது என்றும் எண்ணவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஷூவைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி சாமியாடினாள். "புள்ள மொத சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது. அவ ஆபீஸ் விழாவுக்கு ஒரே ஒரு நாள் போட்டது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல. கொண்டுபோய் சேத்துல முக்கிட்டு வந்திருக்கார் துரை!"

பனித்தண்ணீர்தான் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. உள்ளே காகிதம் திணித்து ஜன்னலில் காய வைத்திருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

நூற்று இரண்டு அடி. முன்னேற்றம், ஆனால் எதிர்த் திசையில்.

மைதானத்தின் பயிற்சியாளர் அந்தப் பக்கமாகப் போனார். ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "அடிக்கறதுக்கு முன்னாடி பேசறத நிறுத்துங்க" என்றார்.

"நான் வாயே திறக்கலையே சார்."

"உள்ள பேசறீங்க. தோள்பட்டை ஆடுது பாருங்க, யார்கிட்டயோ வாதாடுற மாதிரி."

வீடு வந்து கண்ணாடி முன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். உண்மைதான். வலது தோள் மேலே ஏறி நிற்கிறது. கூண்டில் ஏறியவன் மாதிரி.

மார்ச் 22, சனி

பஸ் நிறுத்தத்தில் நெட்டையைப் பார்த்தேன். அவன் ஒருத்தன்தான் அந்தக் கூட்டத்துக்கு மேலே தெரிவான், ஒளியவும் முடியாது. ஒளிய நினைத்தது நான்தான். அவனே கை காட்டிக் கூப்பிட்டான்.

ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறானாம். இடுப்பில் அகலமாக பெல்ட் கட்டியிருந்தான். முதுகு வலி அவனுக்குப் பழைய சொத்து. "உயரமா இருக்கேன்னு மேல் தட்டு வேலை எல்லாம் எனக்குத்தான்" என்று சிரித்தான்.

"நான் அன்னைக்குக் கழுவினேன்டா" என்றேன். அவன் கேட்கவே இல்லை, நானாகச் சொன்னேன்.

"விடு மாப்ள. நீ கழுவினேன்னா கழுவியிருப்ப. நான்தான் கேனை மாத்தி எடுத்துட்டேன் போல. எடுத்த மாதிரி ஞாபகம் இல்ல. ஆனா எடுத்திருப்பேன்."

பஸ் வந்தது, ஏறிப்போனான். எனக்கான பஸ்ஸும் வந்தது, போனது. அடுத்ததும்.

மார்ச் 24, திங்கள்

எந்தப் பந்தும் மேலே எழும்பவில்லை. மூன்றாவது குழியில் மட்டையைக் கீழே போட்டுவிட்டேன்.

அக்கா திட்டவில்லை. "எண்ணெய் காயற சத்தம் கேட்டிருக்கியா தம்பி? அதைக் கேட்டுத்தான் நான் முட்டையை உடைப்பேன். அந்த நேரத்துல புருஷன் கூப்பிட்டாலும் காதுல விழாது. இங்கேயும் அப்படித்தான். ஒரு சத்தத்தைப் பிடிச்சுக்கோ" என்றார்.

எந்தச் சத்தம்? பந்து குழிக்குள் விழுகிற சத்தத்தைப் பிடிக்கலாம் என்று பார்த்தால், என் பந்து விழுந்தால்தானே!

மார்ச் 31, திங்கள்

இதை விவரமாக எழுத வேண்டும்.

ஐந்தாவது குழி. தெளிப்புக்குழாய் ஒன்று தூரத்தில் சுற்றிச் சுற்றிப் புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. டிக்... டிக்... டிக்... அதைப் பிடித்துக்கொண்டேன். ஒரு டிக்குக்கு மட்டையைத் தூக்கினேன், அடுத்த டிக்குக்கு இறக்கினேன். அடித்ததே கையில் தெரியவில்லை. பந்து போய்க்கொண்டே இருந்தது.

அந்த இரண்டு டிக்குக்கு நடுவில் உள்ளே யாருமே இல்லை. விசாரணை இல்லை. சாட்சி இல்லை. காலி வீடு. இரண்டு விநாடி இருக்குமா? ஐம்பத்தொரு வயதில் இப்படி இருந்த நினைவே எனக்கு இல்லை.

அக்கா, "யார் அடிச்சது அது?" என்றார். நானும் அதையேதான் யோசித்தேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வேலை செய்யும்போதும் முயன்று பார்க்கிறேன். வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அந்தக் காலி வீடு அவ்வப்போது திறக்கிறது. டாக்டர் அளந்து பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு. எனக்குச் சந்தோஷம். மகளுக்கு இன்னும் சந்தோஷம்.

ஏப்ரல் 7, திங்கள்

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

ஏழாவது கிரீன். கருகிய இடத்தை வெட்டி எடுத்துப் புதுப் புல் பதித்திருக்கிறோம், இன்னும் நிறம் சேரவில்லை. குழிக்கு நாலடி தூரத்தில் என் பந்து. லேசாகத் தள்ளினால் போதும். குனிந்தேன். மூச்சு விட்டேன். உள்ளே அமைதியாகிவிட்டது. இந்த முறை நான் எதையும் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை, தானாகவே.

பந்துக்குப் பின்னால் என் ஷூ தெரிந்தது. இடது ஷூ. பனியில் நனைந்து முனை கறுத்திருந்தது.

ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்ல என்று அவள் கத்தினாளே. ஒரே ஒரு நாள் போட்டது, மகளின் ஆபீஸ் விழாவுக்கு. என்றைக்கு அந்த விழா? வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமை.

எல்லாம் வரிசையாக வந்து நின்றது, யாரும் கூப்பிடாமலே. சாயங்காலம் நாலரை. கேட் பக்கம் டாக்ஸியோடு வீட்டுக்காரி. நான் கொட்டகைக்குள்ளேயே சட்டை மாற்றி, இந்த ஷூவைப் போட்டுவிட்டேன். தொட்டி கழுவலாம் என்று வெளியே வந்தேன். கழுவுகிற இடத்தில் சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. ஷூவைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்த்தேன். காலைல சீக்கிரம் வந்து கழுவிக்கலாம்னு நினைச்சேன். நினைச்சேனே, அந்த வார்த்தையிலேயே நினைச்சேன். பதிவேட்டில் காலையிலேயே மொத்தத்துக்கும் கையெழுத்துப் போட்டு வைப்பது என் பழக்கம். மறுநாள் நான் வருவதற்குள் நெட்டை வண்டியை எடுத்துட்டான்.

பாதம் நனைந்தது நிஜம்தான். அது வேற நாள். நூறு வேற நாள். அதுல ஒண்ணை எடுத்து அந்த வியாழக்கிழமைக்கு மாட்டிவிட்டிருக்கேன்.

இத்தனை நாளும் உள்ளே கத்திக்கிட்டே இருந்தது எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. அது கத்தின வரைக்கும் எனக்கு இது கேக்கல.

அக்கா, "என்ன தம்பி, நாலடிதானே?" என்றார். பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மேனேஜர் அறை வாசல் வரை போனேன். விளக்கு எரிந்தது. திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரி, "வேலை போயிடுமா?" என்றாள். போகலாம் என்றேன். "அவன் வீட்லயும் இதைத்தான கேட்டிருப்பாங்க" என்றாள்.

மகளிடமும் சொன்னேன், ஷூவை மட்டும் விட்டுவிட்டு. அவசரத்தில் மறந்துவிட்டேன் என்றேன். அவள் கொடுத்த பொருளுக்கு இந்தப் பாரம் வேண்டாம்.

ஏப்ரல் 10, வியாழன்

சொல்லிவிட்டேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு மாசமா?" என்றார். "தெரியாம இருந்தேன் சார்" என்றேன். சொல்லும்போதே எனக்கே அது பாதிதான் நம்பும்படி இருந்தது.

சாயங்காலம் நெட்டையின் வீட்டுக்குப் போனேன். அவன் தரையில் மல்லாந்து படுத்திருந்தான், முழங்காலுக்கு அடியில் தலையணை. எழுந்திருக்க வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். ஷூவையும் சொன்னேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவன் மனைவி கையில் தண்ணீர்த் தம்ளரோடு வந்தவள், கதவருகிலேயே நின்றுவிட்டாள். தம்ளரை என்னிடம் கொடுக்கவில்லை.

"நான் கேனை மாத்தலயா?"

"இல்லடா."

"நான்தான்னு நம்பிட்டேன்யா. அவகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்."

மன்னிச்சிருடா என்றேன். "சரி, போ" என்று மட்டும் சொன்னான். மாப்ள என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

நெட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தெளிக்கும் வண்டி இனி அவன் பொறுப்பு. நான் அதைத் தொடக்கூடாது. என்னை, பந்துக்குத் தடையாக அங்கங்கே வெட்டி வைத்திருக்கிற மணல்பள்ளங்களைச் சமன் செய்யப் போட்டிருக்கிறார்கள், கையில் பல் வைத்த ஒரு வாரி. வேலை மிஞ்சியதே பெரிது. பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்: 'கழுவியதைப் பார்த்தவர்'. என் தயவில் வந்த கட்டம். வரலாற்றில் இடம் பிடித்துவிட்டேன்.

நெட்டை என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

எழுபத்தொரு அடி. அக்கா கை தட்டினார். அமைதி முன்னைவிட எளிதாக வருகிறது. ஆனால் அது காலி வீடு இல்லை இப்போது. உள்ளே நெட்டை கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறான். பேசவில்லை, படுத்திருக்கிறான். அவனோடு சேர்ந்துதான் பந்தை அடிக்கிறேன்.

மே 6, செவ்வாய்

எதிரில் வந்தான். வணக்கம் வைத்தேன். தலையை அசைத்த மாதிரி இருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதாகவும் இருக்கலாம். இனி ஞாபகத்தில் எதையும் என் வசதிக்கு மாட்டிக்கொள்வதாக இல்லை. தெரியவில்லை என்றே எழுதுகிறேன்.

மே 15, வியாழன்

சாயங்காலம் பன்னிரண்டாவது மணல்பள்ளத்தில் வாரிக்கொண்டிருந்தேன். நிழல் ஒன்று மணலில் நீளமாக விழுந்தது. அவ்வளவு நீள நிழல் இங்கே ஒருத்தனுக்குத்தான்.

"வா. பார்க்கணும்" என்றான்.

கொட்டகையில் நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறான். நான் கேட்கவில்லை. பின்னாலேயே போனேன்.

தொட்டியில் தண்ணீர் விட்டான், குலுக்கினான், திறந்துவிட்டான். ஒன்று. திரும்ப விட்டான். இரண்டு. மூன்றாவதுக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பார்க்கிறேன் என்று தலையசைத்தேன். தெளிந்த தண்ணீர்தான் வந்தது. அதன் பிறகுதான் பதிவேட்டை எடுத்தான், அவன் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான், பேனாவை என் பக்கம் நீட்டினான்.

'பார்த்தவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மணி ஐந்து பத்து. பூட்ஸ்தான் போட்டிருந்தேன். தண்ணீர் வெடிப்பில் புகுந்து இடது பாதம் நனைந்தது.