பொய் மறதி

என் அன்பு மகளே,

நேற்று உன் பெண்ணிடம் தோற்றுவிட்டேன்.

புற்றுநோய் போய்விட்டது, ஆனால் மருந்து அவள் ஞாபகத்தையும் கொஞ்சம் அரித்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை வெளியூரில் வேலையிலிருக்கும் உனக்குச் சொன்ன அன்று, நீ போனை வைத்துவிட்டாய். அப்புறம் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஞாபகப் பயிற்சி கொடுக்கும் டீச்சரம்மா வீட்டுக்கும் ஒரு விளையாட்டு சொல்லியிருந்தார். சொன்ன பொருள்களையெல்லாம் வரிசையாகத் திருப்பிச் சொல்லி, புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது பொருளிலேயே அவள் மறந்துபோய் அழுவாள். நானும் மறந்ததுபோல் தலையைச் சொறிவேன்.

நேற்று, "தாத்தா, பொய்யா மறந்தீங்க, உங்ககூட டூ!" என்றாள். நிஜமாகவே ஆடினேன். லாரி ஷெட்டில் நாற்பது வருஷம் எந்த மூட்டை யாருக்கென்று மனதிலேயே வைத்திருந்தவன் நான். பதினோராவது சுற்றில் குடையை விட்டுவிட்டேன்.

"குடையை விட்டுட்டீங்க! மழையில நனைங்க!" என்று வீடெல்லாம் குதித்தாள்.

எழுதத் தெரியாத அப்பனுக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று யோசிக்கிறாயா? கையெழுத்தைப் பார். ஒவ்வொரு வரியையும் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

கைநாட்டுடன்,
உன் அப்பா

அம்மா, தாத்தா நடுவுல அழுதாங்க. அதை எழுதக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் மறந்துட்டேன்!