கொடுத்தது வேறு, குடித்தது வேறு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் நானும் அப்பாவும் சுகம், அப்பா சுகம் என்று இன்றைக்குத்தான் மனசறிந்து எழுத முடிகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று அவனையே கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

போனில் உன்னிடம் மழுப்பிவிட்டேன், நடந்தது இதுதான். குடல் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், அப்பா குடிக்கிற தண்ணீரையும் போகிற சிறுநீரையும் அளந்து எழுதச் சொன்னார்கள். எழுதுவதற்கு உன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமா, கோடு கிழித்து, மணி போட்டு, ஒரு டம்ளர் விடாமல் எழுதினேன். வார்டைக் கூட்டித் துடைக்கிற ஒரு அம்மாள் இருக்கிறாள், எல்லோருக்கும் அவள் வாளியம்மா. இரண்டு நாள் கழித்து அவள் என் பக்கத்தில் வந்து, அம்மா, ஐயா தண்ணிய குடிக்கல, நீங்க கண்ண மூடி ஜெபிக்கிற நேரம் பாத்து வாய் கொப்புளிக்கிற கிண்ணத்துல ஊத்திடறாரு, நான்தான தினம் எடுத்துக் கொட்டுறேன் என்றாள். எனக்கு வந்ததே கோபம், என் கணக்குல ஒரு சொட்டு தப்பாது, நீ உன் வாளியப் பாரு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு குடித்தும் சிறுநீர் இறங்கவில்லை என்றால் சிறுநீரகத்தில்தான் கோளாறு, நீரை இறக்க ஊசி போடுங்கள் என்றார். நர்ஸ் மருந்தை எடுக்கப் போய்விட்டாள். வாளியம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்று, ஐயா, ஊசி போடாதீங்க, அந்தத் தண்ணி அவரு வயித்துக்கே போகல என்றாள். டாக்டர் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அப்பா போர்வையைப் பார்த்தார். தண்ணீர் குடித்தால் சிறுநீர்ப் பாத்திரம் வைக்க அடிக்கடி ஆளைக் கூப்பிட வேண்டுமே என்று வெட்கமாம் இந்த மனுஷனுக்கு. ஏற்கெனவே காய்ந்து கிடந்த உடம்பில் அந்த ஊசியும் போட்டிருந்தால் சிறுநீரகமே போயிருக்கும் என்றார் டாக்டர். ஏன் முன்னாடியே சொல்லல என்று அவளைக் கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னிக்குத்தான் வாய் வந்துச்சு ஐயா என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, நேத்தே சொன்னா டாக்டர், நான்தான் அவ வாய அடச்சேன் என்று எல்லோர் எதிரிலும் ஒப்புக்கொண்டேன். அந்த டாக்டரையும் மெச்ச வேண்டும், முகம் சுளிக்காமல், நான் பாக்காதத நீ பாத்திருக்கம்மா, நல்லவேளை சொன்ன என்றார். இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் கிளம்புமுன் வேற யாராவது எதாவது பாத்தீங்களா என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறார். நான் கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவன் வாளியோடு வந்து நின்றிருக்கிறான்.

நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கை கழுவாமல் போகிறார், வெறும் நர்ஸ் நான் அவரிடம் எப்படிச் சொல்வது என்று அழுதாயே, நமக்கெதுக்கு வம்பு என்று நான் சொன்னேனே, அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மரியாதையாகச் சொல், கேட்காவிட்டால் தலைமை நர்ஸிடம் சொல். வேலை போனால் வீடு இருக்கிறது, அந்தக் கட்டிலில் கிடப்பவர்களுக்கு வேறு உடம்பு கிடையாது.

நோட்டில் இப்போது கொடுத்தது, குடித்தது என்று இரண்டு பத்தி. நீ நூறாண்டு நல்லா இரு கண்ணே. திங்கட்கிழமை டாக்டர் சுற்றி வந்து போனதும் போன் போடு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்க மாட்டேன், சொன்னாயா என்றுதான் கேட்பேன்.

கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கும்,
உன் அம்மா.