தையல் கரைந்த சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

பழைய துணியைக் கரைத்துப் புது நூலாக்கும் இந்த ஆலையில் ஒரு வேடிக்கை. நீ தைத்த பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊருக்கு வர விடுப்புக் கேட்கப் போனேன். "குவிஞ்சு கிடக்கிற பழைய துணியை எல்லாம் நொதி முழுசா தின்னு முடிக்கட்டும், அப்புறம் பாஸ்போர்ட்டைத் தர்றேன்" என்று மேலாளர் மூன்றாவது முறையாகச் சொன்னார். திரும்பி வந்து கழற்றி மாட்டிய சட்டை, பாலியெஸ்டரைக் கரைக்கும் காரத் தொட்டியில் விழுந்துவிட்டது. துணி தப்பியது. நூல் பாலியெஸ்டர் அல்லவா, கரைந்துபோனது. கை, காலர், முதுகு எல்லாம் நீ வெட்டியபடியே தனித்தனியாக மிதந்தன.

"உங்கம்மா கத்தரி பிசகவே இல்லடா!" என்று தொட்டிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

துண்டுகளை அனுப்புகிறேன். தோளில் ஓர் அங்குலம் குறைத்து, பருத்தி நூலில் தைத்து வை. திருப்பி அனுப்பாதே. சட்டையாவது வீடு வந்து சேரட்டும்.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது.

உன் மகன்