உறைந்த வால்வும் என் மொழிபெயர்ப்பும்

இன்று காலை நான் ஏறிய ஜாசின் ஊர் பஸ்ஸின் பின்சக்கரம் பழுதாகி வழியில் நின்றது. டிரைவர் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் மிச்சமிருந்த காற்றைத் திறந்துவிட்டான். பக்கத்தில் நின்ற என் கையில் அது சீறிக்கொண்டு வந்து பட்டது. சுள்ளென்ற வெயிலில் நிற்கிறேன், விரல்கள் மட்டும் சில்லிட்டன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். நீ இறந்து நாற்பது நாள் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லாததை இன்றாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ரப்பர் விலை விழுந்த வருஷம் தோட்டத்தில் நம் இரண்டு பேரின் பெயரையும் வெட்டினார்கள். என் அண்ணனைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நீயும் நானும் போக மாட்டோம் என்று மலாக்கா டவுனுக்கு நடந்தே வந்தோம். சோடா கம்பெனியில் எனக்குப் பாட்டில் கழுவும் வேலை, உனக்குக் கேஸ் அறையில் வேலை. மிஷன் பள்ளியில் மூன்று வருஷம் படித்த இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. பாட்டில் கழுவ அது தேவைப்படவில்லை.

அந்தக் கேஸ் அறையில் ஆள் உயரத்துக்குக் கேஸ் அடைத்த உருளைகள், இரும்புத் தோம்புகள், நிற்கும். வால்வைத் திருகினால் கேஸ் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் பாயும், சோடா ஆகும். நீ போன முதல் வாரமே ஒன்றைக் கவனித்தாய். வேகமாகத் திறந்துவிட்டால் வால்வின் கழுத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது. இன்னும் வேகமாக விட்டால் கேஸே குழாயின் வாயில் வெள்ளைத் தூளாக உறைந்து அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் அதைப் பிசாசு வேலை என்று சொல்லிச் சிரித்தார்கள். நீ என்னைக் கூப்பிட்டு, மேனேஜரின் சைக்கிள் பம்பை அடிக்கச் சொன்னாய்.

"அடிப்பக்கம் தொட்டுப் பாரு, சுடுதா? இப்ப டியூப்ல உள்ள காத்த விடு. வால்வு குளிருதா? நெருக்கி அடைச்சா சூடாவுது மச்சான், அவுத்து விட்டா சூட்ட உதறிட்டு ஓடுது. இந்தத் தோம்புல இருக்கிறது அதவிட நூறு மடங்கு நெருக்கினது. அவ்வளவுதான் லா."

எழுதப் படிக்கத் தெரியாதவன் நீ. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் நீயே கண்டுபிடித்தாய். முதலில் வால்வை மூட வேண்டும், இல்லாவிட்டால் அடைப்பு விடும்போது கேஸ் முழு வேகத்தில் பாயும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பொறுத்திருக்க வேண்டும். அரைமணி நேரம் போகும், ஆனால் ஆபத்தில்லை.

மாசி மகத்துக்கு முந்தின நாள் அந்த அரைமணி நேரம் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. திருவிழாவுக்குச் சோடா ஏற்ற வெளியே மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. குழாய் அடைத்துக்கொண்டது. மேனேஜர் மண்ணெண்ணெய்ப் பந்தம் ஒன்றைக் கொளுத்திக்கொண்டு வந்தார். நான் பாட்டில் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

"பந்தம் வேணாங்க. மொதல்ல வால்வ மூடிடறேன்," என்றாய்.

"மூடித் தொறக்க நேரமில்ல. குழாயப் புடி."

பிடித்தாய். அவர் தீயைக் காட்டினார். அடைப்பு ஒரே உதறலில் விட்டது, குழாய் மூட்டோடு பிய்த்துக்கொண்டது. வெள்ளைப் புகை உன் வலது கையை மறைத்தது. "சுடுது மச்சான், சுடுது" என்றாய். அந்தக் குளிரை நீ அப்படித்தான் சொன்னாய். கை மெழுகு மாதிரி வெளுத்து விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவின கை அது.

கம்பெனி உனக்கு ஈடு கொடுக்க வேண்டுமா என்று விசாரிக்க வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அன்று காலை மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீதான் தொரைக்கு எடுத்துச் சொல்லணும். ஸ்டோருக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் ஒண்ணு வேணும்னு நெனச்சிட்டிருக்கேன்," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார். வேலை கேட்டு வந்தவர்கள் வேலியோரம் குந்தியிருந்தார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. அப்போது அதைத்தான் நினைத்தேன் என்று சொல்கிறேன்.

கட்டுப்போட்ட கையோடு நீ நின்று சொன்னாய்: "வால்வ மூடணும்னு சொன்னேன், மேனேஜர் கேக்கல."

நான் இங்கிலீஷில் சொன்னேன்: "வால்வை மூட மறந்துவிட்டதாகச் சொல்கிறான்."

கேஸ் இப்படிக் குளிரும் என்று உனக்கு முன்பே தெரியுமா என்று துரை கேட்டார். உன் முகம் தெளிந்தது. தோம்பு, பம்பு, சைக்கிள் டியூப் என்று எல்லாவற்றையும் நல்ல கையை ஆட்டி ஆட்டி அவருக்கு விளக்கினாய். உன்னை ஒரு பெரிய மனிதர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நீ முடிக்கும்வரை காத்திருந்து, "தெரியும் என்கிறான்," என்றேன். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாக மொழிபெயர்த்தேன். தெரிந்தே அஜாக்கிரதையாக இருந்தான் என்று துரை எழுதிக்கொண்டு போனார். உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாய். "நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"ஒரு சொல் விடாம சொன்னேன்."

"அப்பவும் அந்தாளு காதுல ஏறலியே. நம்ம பேச்ச அவனுங்க எங்க கேப்பானுங்க."

எனக்கு ஸ்டோர் வேலை கிடைத்தது. நீ கடலோரத்துச் செர்காமுக்குப் போனாய். இரண்டு விரலால் சைக்கிளைப் பிடித்து, கரையில் வாங்கிய மீனைத் தோட்டம் தோட்டமாக விற்றாய். வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டு வாசலில் கெம்போங் மீனை வைத்துவிட்டுப் போவாய். "எனக்காகத் தொரகிட்ட பேசுன ஆளு நீ," என்பாய். ஏழு வருஷம் அந்த மீனை நான் தின்றேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் துரையைத் திட்டிவிட்டுத்தான் சைக்கிள் ஏறுவாய். நானும் உன்னோடு சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

காய்ச்சலில் நீ போன பிறகு, போன வாரம் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் கேட்டாள். அழுவாள், ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சாகுற வரைக்கும் அந்தத் தொரமேலயே கோவமா இருந்தாருண்ணே. அந்தக் கோவத்தக்கூடத் தப்பான ஆளுகிட்ட செலவழிக்க வச்சிட்டீங்களே."

பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பாய், அதுதான் என்னால் தாங்க முடியாதது. நீ என்னை ஒரு நாளாவது முகத்துக்கு நேரே ஏசியிருக்க வேண்டும். அந்த ஏச்சுக்கு இடம் தராமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். இப்போது அதை எனக்குத் தர யாருமில்லை. நான் வாங்காத அந்த ஏச்சோடுதான் இனி இருக்க வேண்டும்.