மாப்பிள்ளைச் சொதிக்கு ஒரு விளம்பரம்

17 அக்டோபர் 1996, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஐப்பசி பிறந்த அன்றே ஆரம்பம். வண்டி வழக்கம்போல் மக்கர். வண்ணார்பேட்டை வரை தள்ளல்.

செய்ய வேண்டியவை: வள்ளியூர் ஜவுளிக்கடைக்குத் தீபாவளி வாசகம். மேலப்பாளையம் செருப்புக்கடைக்கு ஒன்று. குடைக்குக் கம்பி.

வாசகம் என்றால் பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. கேபிள் டி.வி.யில் படம் ஓடும்போது அடியில் ஒரு வரி ஓடுமே, அதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. கடை கடையாக ஏறி விளம்பரம் பிடிப்பது நான். எழுதுவதும் நான். கம்ப்யூட்டரில் அடிப்பது ஜெபராஜ் (இனி ஜெ.). மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ் என்று கார்டு கூட உண்டு. மீனாட்சிசுந்தரம் என்ற பெயரே கார்டில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டது.

வள்ளியூர் முதலாளி போனில்: "கடைப் பேரு பெருசா வேணும்வே. மத்ததெல்லாம் பொடிசா போட்டாப் போதும்."

எல்லாக் கடைக்காரரும் சொல்வது. நான் எல்லோருக்கும் சொல்லும் பதில்: "கண்ணைப் பறிக்கும் அண்ணாச்சி, கவலையே படாதீங்க."

மதியம் செண்பகம் மெஸ். ஜெபராஜை ஜெ. ஆக்கிவிட்டேன். மெஸ் நடத்தும் இவள் பெயரைச் சுருக்கக் கை வருவதில்லை. குறுக்குத்துறை போகிற வழியில் ஒரு சந்து. போர்டு கிடையாது. வீட்டு முன்கூடத்தில் நாலு மேஜை, அவ்வளவுதான் மெஸ். இன்று இடிசாம்பார், எண்ணெய்க் கத்திரிக்காய், ரசம். ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ஓட்டிலிருந்து மழை சொட்டும் சத்தம் மட்டும்.

பாதி மேஜை காலி. ஜங்ஷனில் புதிதாக ஃபாஸ்ட் ஃபுட் திறந்ததிலிருந்து இப்படி. பக்கத்து மேஜையில் பாங்க் சங்கரன், கூட வந்தவரிடம்: "ஃப்ரைடு ரைஸ்ல என்னவே இருக்கு? பழைய சோத்தைத் தாளிச்ச மாதிரி. ஆனா எல்லாப் பயலும் அங்கனதான் போறான்."

கை கழுவும்போது செண்பகம் சொன்னாள்: "தீபாவளியோட மூடிரலாம்னு இருக்கேன் சார். கோயம்புத்தூருல அண்ணன் கூப்பிடுதான். அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

"அப்படியா" என்றேன். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று ஆபீஸ் வரும்வரை யோசனை. வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்ததால் நிறைய நேரம் கிடைத்தது.

18, வெள்ளி

மழை இல்லை. ஆறு கலங்கல். பாலத்தில் நின்று பார்த்தேன். வேலை கிடந்தது, இருந்தாலும் நின்றேன்.

ஆபீஸில் ஜெ. கம்ப்யூட்டரில் ஏதோ தட்ட, எழுத்துகள் வலது ஓரத்தில் பிறந்து, நடந்து, இடது ஓரத்தில் மறைந்துகொண்டிருந்தன. சேவ் பண்ண மறந்தால் எல்லாம் போச்சு என்கிறான். மெட்ராஸில் இன்டர்நெட் என்று ஒன்று வந்திருக்கிறதாம், அமெரிக்காவில் இருப்பவன் எழுதுவதை இங்கே உடனே படிக்கலாமாம். எனக்கு அதைவிட ஒரு ஆசை. டி.வி. பெட்டியில் வாசனை வர வேண்டும். தேங்காய்ப்பாலில் பூண்டு வேகும் வாசனை வீடு வீடாகப் போய் இறங்கினால் என்னை மாதிரி ஆள் எதற்கு? "ஞாயிறு மதியம், செண்பகம்" என்று இரண்டு தகவல் போதும்.

அவள் கோயம்புத்தூருக்குப் போகக் கூடாது. எழுதிப் பார்த்துக்கொண்டேன். எனக்கு எங்கே சாப்பாடு என்ற கவலையா இது? இல்லை. அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது. முப்பத்திநாலு வயதில் இப்படி ஒரு வாக்கியம்.

19, சனி

கேட்டேவிட்டேன். "கேபிள்ல ஒரு விளம்பரம் போட்டுப் பாப்போம். சும்மா போடுதேன். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, சொதி வைங்க."

கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

தப்பான இடத்தில் கை வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் சொதி என்றால் கல்யாணத்துக்கு அப்புறம் மறுவீட்டு விருந்தில் வைப்பது. அதனால்தான் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, உருளை, முருங்கை, பூண்டு, கடைசியில் எலுமிச்சை, கூட இஞ்சித் துவையல். இவளுக்கு நிச்சயமான கல்யாணம் முந்தின நாள் நின்றுபோனது ஊருக்கே தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வரவேயில்லை. மறுவீட்டுக்கு வாங்கிய தேங்காய்கள் இந்தக் கூடத்திலேயே குவிந்து கிடந்தனவாம். அதற்குப் பிறகு அப்பா போனார், மெஸ் வந்தது. மெஸ்ஸில் எல்லாம் உண்டு, சொதி மட்டும் கிடையாது.

"சொதி விக்கிற சாப்பாடு இல்ல சார்" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து குரல்: "ஞாயிறுன்னா எந்த ஞாயிறு?"

"அடுத்த வாரம். இருபத்தேழு."

"ஊரை விட்டுப் போறதுக்குள்ள எனக்கும் ஒரு தடவ வச்சுப் பாக்கணும்னு இருக்கு. போடுங்க."

21, திங்கள்

வெயில். நாள் முழுக்க ஒரே வாசகம்.

"சுவையோ சுவை, சொதியோ சொதி!" — கோடு போட்டு அடித்தாயிற்று.

"தேங்காய்ப்பாலில் ஒரு தீபாவளி" — சீ.

"பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட" — எல்லா மிட்டாய்க் கடையும் இதைத்தான் போடுகிறது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது தானாக வந்தது: "செண்பகம் வீட்டில் வரும் ஞாயிறு மதியம் மாப்பிள்ளைச் சொதி. அனைவரும் வருக." விலை இல்லை, வியாபார வாடை இல்லை. மெஸ் என்ற சொல்லைக் கூட எடுத்துவிட்டேன். யாரோ வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும். இதுவரை எழுதியதிலேயே இதுதான் நல்லது என்று நினைக்கிறேன். கொஞ்சம் கர்வம்.

ஜெ. தன் பங்குக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் வரைந்தான். பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்தான். "பேரு எவ்வளவு பெருசா போட?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

மஞ்சளில் செண்பகம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெ. தொண்டையைச் செருமினான்.

23, புதன்

ஓட ஆரம்பித்துவிட்டது. சலூனில் முடி வெட்டிக்கொண்டே பார்த்தேன். படத்தில் சண்டை, அடியில் செண்பகம். கத்தரியை நிறுத்திவிட்டு சலூன்காரர் படித்தார். "அட" என்றார். எனக்கு அது போதும்.

மெஸ்ஸில் பாங்க் சங்கரன் என் தோளைத் தட்டினார். "ஞாயித்துக்கெழம விசேஷமாம்லா?"

"பின்னே? பெரிய விசேஷம்."

"ரொம்ப சந்தோஷம்வே. இத்தனை வருஷம் கழிச்சு." கண் கலங்கியிருந்தது. சொதிக்காகக் கண் கலங்குகிற மனுஷன். நல்ல ரசிகர்.

24–26

வள்ளியூர், நாங்குநேரி, திரும்ப வள்ளியூர். தீபாவளி விளம்பர அலைச்சல். முதலாளிக்குத் தன் கடைப் பேர் இன்னும் பெரிதாக வேண்டுமாம். இதற்கு மேல் பெரிதாக்கினால் டி.வி.க்கு வெளியேதான் போக வேண்டும் என்றேன். "போகட்டும்வே" என்கிறார்.

பஸ் ஜன்னலில் சாரல். நனைந்த வயல், காற்றாலை, மறுபடி வயல். ஞாயிற்றுக்கிழமை இலையில் முதல் கரண்டி எப்படி விழும் என்று நினைத்துக்கொண்டே வந்ததில் ஜங்ஷனைத் தாண்டிவிட்டேன். கண்டக்டர்: "எங்கன சார் இறங்கணும்?" எனக்கே தெரியவில்லை.

27, ஞாயிறு

எப்படி எழுதுவது?

காலையில் போனேன். வீடே மணத்தது. அவள் தேங்காயின் மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலை மூடி வைத்திருந்தாள். நெற்றியில் வியர்வை, முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்காக அல்ல, அடுப்புக்காக. அவள் அம்மா எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்கள். நான் இலை நறுக்கினேன். இப்படியே நாள் முடிந்திருக்கலாம்.

மதியம் சந்தில் ஆட்டோ சத்தம். முதலில் இறங்கியது பாங்க் சங்கரன் குடும்பம். மனைவி பட்டுப்புடவை. கையில் தாம்பாளம், பழம், பூ. பிறகு இன்னொரு ஆட்டோ. பிறகு சந்து முழுக்கப் பட்டு, சந்தனம், மல்லிகை. யாரோ ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்.

அப்போதுதான் என் வாசகத்தை நானே முதல்முறை படித்தேன். மாப்பிள்ளைச் சொதி. அனைவரும் வருக. வாழைமரம். நாதஸ்வரம். விசேஷம். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்திருக்கிறேன். செண்பகத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இன்று மறுவீடு என்று.

அவளிடம் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அவளே கூடத்துக்கு வந்துவிட்டாள், கையில் கரண்டியோடு. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த கோமதி டீச்சர் முன்னால் நின்றார்கள். கையில் பளபளவென்று எவர்சில்வர் சாம்பார் வாளி.

"ஒரு வார்த்தை சொல்லலியே பிள்ளை. டி.வி.ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாப்பிள்ளை பேரு தெரியல பாத்துக்கோ, அதான் உன் பேரை மட்டும் வெட்டி, பக்கத்துல எடம் விடச் சொன்னேன். அவரு எங்கன?"

சங்கரனின் மனைவி தாம்பாளத்தை இன்னும் நீட்டிக்கொண்டே நின்றார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. இரண்டாவது தடவையாக அவள் இதே கூடத்தில், இதே ஜனங்களுக்கு முன்னால் நிற்கிறாள். இந்தத் தடவை நிறுத்தியது நான்.

செண்பகம் வாளியை வாங்கினாள். வெட்டிய எழுத்தை ஒரு தரம் விரலால் தடவினாள். பிறகு நிமிர்ந்து, சாதாரணக் குரலில்:

"இலை போட்டிருக்கு டீச்சர். மொதல்ல உக்காருங்க. சொதி ஆறிரக் கூடாது."

உட்கார்ந்தார்கள். எல்லோரும். பந்தி பந்தியாக. புது வாளியிலேயே சொதியை ஊற்றி என் கையில் கொடுத்தாள். பரிமாறினேன். யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வாய் காலியாக இருந்தால்தானே. சங்கரன் மட்டும் மூன்றாம் முறை வாங்கும்போது, என் பக்கம் பார்க்காமல், "விளம்பரமாவே அது?" என்றார். தலையாட்டினேன். "கெடுத்தீரே" என்றார். "இருந்தாலும் ஊத்தும்."

யாரிடமும் சாப்பாட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் போன பிறகு நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "ஒங்க வாசகம் நல்லாத்தான் வேலை செய்யுது சார்." அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோபமா, அழுகையா, தெரியவில்லை. நான் சொதி சாப்பிடவேயில்லை.

28, திங்கள்

மெஸ்ஸுக்குப் போகவில்லை. ஃபாஸ்ட் ஃபுட். பழைய சோற்றைத் தாளித்த மாதிரிதான் இருந்தது.

வாசகத்தை அழிக்கச் சொன்னேன். ஜெ. ஒரு பொத்தானைத் தட்டினான், போய்விட்டது. ஊர் மண்டையிலிருந்து அழிக்க எந்தப் பொத்தான்?

29, செவ்வாய்

மழை. ஃப்ரைடு ரைஸ். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வாசகமும் வரவில்லை. செருப்புக்கடைக்கு "அனைவரும் வருக" என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன்.

30, புதன்

சங்கரன் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "என்னவே, அந்தப் பிள்ளை ரெண்டு நாளா ஒமக்கு இலை போட்டு வச்சுட்டு எடுக்குது. வாரும்."

போனேன். நாலு மேஜையும் நிறைந்து, ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். "அடுத்த சொதி என்னைக்கு?" என்று யாரோ கேட்கிறான். அவள் எனக்கு இலை போட்டாள். ரசம் வழக்கம்போல்.

கை கழுவும் இடத்தில் வந்து நின்றாள்.

"கோயம்புத்தூருக்கு வரலைன்னு அண்ணனுக்கு எழுதிப் போட்டுட்டேன்."

"செண்பகம், அன்னைக்கு நான் வேணும்னு…"

"தெரியும்." வாளியை நீட்டினாள். "இதுல ஒரு பக்கம் காலியா கெடக்கு. பரிமாற எடுத்தா எல்லாரும் அந்த எடத்தையே பாக்காங்க. பாத்திரக்கடைப் பக்கம் போனா பேரு வெட்டிட்டு வாங்க."

"என்ன பேரு?"

"ஊருக்கெல்லாம் வாசகம் எழுதுதீங்க. இத நான் சொல்லணுமா?"

இன்று ஒரு தடவை கூட சார் போடவில்லை. வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. இதை எழுதாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

31, வியாழன்

வானம் வெறிச்சென்று சுத்தம். கீழ ரதவீதி பாத்திரக்கடை. பேர் வெட்டுகிறவர் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, "செண்பகம்னு இருக்கு. பக்கத்துல என்ன போடணும் அண்ணாச்சி?" என்றார்.

எத்தனையோ பேருடைய பெயரை ஊர் முழுக்க ஓட விட்டிருக்கிறேன். என் பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. கார்டை எடுத்து நீட்டினேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். "மீனாட்சிசுந்தரம், மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ். பேரு மட்டும் போதும்லா?"

"பேரு மட்டும்."

கட்டைவிரலால் இடத்தை அளந்து பார்த்தார். "இவ்வளவு நீளப் பேருக்கு இந்த எடம் காணாதே. ரொம்பச் சின்ன எழுத்தாத்தான் வரும், கிட்ட வச்சுப் பாத்தாத்தான் தெரியும். பரவாயில்லையா?"

"பொடிசா போட்டாப் போதும்" என்றேன்.