இலையில்லாமல் வந்த பிளம்ஸ் கன்றுகள்

இன்று காலை திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் ரோஜாக் கன்றுக் கட்டு ஒன்றைப் பிரித்தார். நனைந்த சாக்கும் பாசியும் கலந்த வாடை. நான் ஏற வேண்டிய பஸ் வந்து போய்விட்டது. நீர் இறந்துபோய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஆறு வருஷத்துக்கு மேலாக உம்மிடம் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றாகச் சேர்ந்த அடுத்த தை மாதம் அது. அப்போது உம்மை எனக்குத் தெரியாது. அரசாங்கத் தோட்ட அலுவலகத்தில் ஒரு நாஞ்சில் நாட்டுக்காரர் இருக்கிறார், போனக்காட்டு மலையில் பிளம்ஸ் வைக்கப் போகிறார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். நீலகிரியிலிருந்து ஆறு கட்டுக் கன்று வந்து கிடங்கில் கிடக்கிறது, ஒன்றில்கூட உயிரில்லை என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். பழுப்புக் குச்சிகள். ஓர் இலை இல்லை.

"எல்லாம் உணங்கிப் போச்சு சாரே. அடுப்பில வைக்கத்தான் கொள்ளாம்" என்றார் காவலாளி.

தை மாதத்திலும் பலாவும் மாவும் பச்சையாக நிற்கிற ஊர் இது. இங்கே மொட்டையாக நிற்கும் கன்று என்றால் செத்த கன்றுதான். கட்டுகளை எண்ணிக்கொண்டேன். லாரி வந்த நாளைக் குறித்துக்கொண்டேன். விஷயம் தெரிந்த ஒரே ஆள் நீர். நீரோ மலையில் குழி வெட்டிக்கொண்டிருந்தீர். இரண்டு நாள் பொறுத்திருந்தால் கேட்டிருக்கலாம். பொறுக்கவில்லை. அரசாங்கம் செத்த கன்றுகளை வாங்கியிருக்கிறது என்று மறுநாள் எங்கள் பத்திரிகையில் என் செய்தி வந்தது. அதில் எண்ணிக்கை சரி, நாள் சரி. உயிர் விஷயம் மட்டும் தப்பு.

சட்டசபையில் கேள்வி வருமோ என்று உம் மேலதிகாரி பயந்தார். அன்று சாயங்காலமே ஆறு கட்டையும் போட்டு எரித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நீர் மலையிலிருந்து இறங்கி, கிடங்கைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தீர். செருப்பெல்லாம் செம்மண். கையில் பாதி கரிந்த ஒரு குச்சி.

"எழுதினது நீர்தானா?"

"ஆமாம்."

கரியாத பக்கத்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, என் மூக்குக்கு நேரே நீட்டினீர். தோலுக்கு அடியில் இளம்பச்சை, ஈரத்தோடு.

"ஓய், மத்தியானம் சோறு தின்னுட்டு உம்ம ஆபீஸ்ல மேசை மேல தலையை வச்சுக் கெடக்கானுவளே, அவனுவள எல்லாம் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவீரா?"

நான் சிரிக்கவில்லை. நீரும் சிரிக்கவில்லை. என் மனைவி கொண்டுவந்த காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகு, கோபம் தணியாமலே சொல்லித் தந்தீர். கோடை முடியும்போதே மரம் அடுத்த வருஷத்துப் பூவை மொட்டாக்கி, செதில் போட்டு மூடிவைத்துவிடும். பிறகு இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். இடையில் நாலு நாள் வெயிலடித்தாலும் மொட்டு திறக்காது. இத்தனை நாள் குளிர் பட வேண்டும் என்று அதற்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அது நிறைந்த பிறகு வரும் சூட்டுக்குத்தான் விழிக்கும். குளிர் போதாமல் போனால் அரைத் தூக்கத்தில் எழுப்பிய ஆளைப் போல நுனியில் மட்டும் கொஞ்சம் இலை விடும், பூ அங்கொன்றும் இங்கொன்றும்.

"தூங்கும்போதுதான் ஓய் வேரோட பிடுங்கி அனுப்ப முடியும். இலையோட அனுப்பியிருந்தாத்தான் வழியிலேயே செத்திருக்கும். அனுப்பினவன் ஒழுங்கா அனுப்பியிருக்கான்."

"போனக்காட்டுக் குளிர் அதுக்குப் போதுமா?"

இரண்டு குளிர்காலம் அங்கே தொழிலாளர் லயத்துத் தூணில் வெப்பமானியைத் தொங்கவிட்டு, விடியும்போதெல்லாம் பார்த்து எழுதிவைத்தவர் நீர்.

"பத்துமா பத்தாதான்னு மரத்துக்கிட்டதான் கேக்கணும். கேக்க விடலியே நீரு."

திருத்தம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அதை நாலு வரியாக்கிக் கடைசிப் பக்கத்தில் போட்டார். அது யார் கண்ணிலும் படவில்லை. உயிரில்லாத கன்றுகளை ஏன் வரவழைத்தீர் என்று உம்மேல் விசாரணை வைத்தார்கள். கன்றுகள் சாம்பலாகிவிட்டன. உம்மிடம் மிச்சமிருந்த குச்சி அதற்குள் உண்மையாகவே காய்ந்துபோயிருந்தது. எனக்கு ஒரு கார்டு போட்டீர்: "வெள்ளிக்கிழமை பதினோரு மணி. உமது வீட்டில் பச்சையைப் பார்த்ததை வந்து சொன்னால் போதும்."

ஆசிரியரிடம் காட்டினேன். "போறதும் போகாததும் உம்ம இஷ்டம். என்னைக் கேக்காதேயும்" என்றார்.

நான் போகவில்லை.

உம்மைக் கன்றுகளிடமிருந்து எடுத்து, விதைப் பொட்டலம் கட்டும் அறையில் போட்டார்கள். பிளம்ஸ் கோப்பு மூடப்பட்டது. வெட்டிய குழிகளில் என்ன வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை. ஆனால் நீர் என்னை விட்டுவிடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வருவீர். வாசலிலேயே, "என்ன ஓய், இந்த வாரம் யாரைச் சாகடிச்சீர்?" என்பீர். எல்லைத் தகராறு, அரிசி விலை, உம் அலுவலகத்துக் கோமாளித்தனம் எல்லாம் பேசுவோம். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை நீர் ஒருநாளும் எடுத்ததில்லை. நீர் எடுத்தால் சொல்லிவிடலாம் என்று நானும் காத்திருந்தேன்.

உமது ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த மறுவாரம், அங்கே லீவில் போயிருந்த இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர். துக்கம் கேட்க வந்தேன். உம் மனைவி என்னை உட்காரச் சொன்னார்கள். பிறகு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்கள்:

"விசாரணைக்கு நீங்க ஏன் வரல்லன்னு நான் ஒருக்கா கேட்டேன். 'பாவம், அவருக்கு லீவு கெடைச்சிருக்காது'ன்னு சொன்னாவ. அதுக்குப் பொறவு நானும் கேக்கல்ல."

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. கேட்டு வாங்கியிருந்தேன். பத்தரை மணிக்கே வந்து, உம் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நீர் வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்ததையும், உள்ளிருந்து கூப்பிட்ட பிறகு திரும்பிப் போனதையும் பார்த்தேன். தெருவைக் கடந்தால் போதும். நான் எழுதியது தப்பு என்று நாலு பேர் முன்னால் என் வாயால் சொல்ல வேண்டுமே என்றுதான் எழுந்திருக்கவில்லை.

உம் மனைவியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆமாம், லீவு கிடைக்கவில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.