மரைக்கு முன்னால் அண்ணா சொன்ன சொல்

என் வசந்தி மச்சாளுக்கு,

நேற்று உங்கள் மனிசனை, என் அண்ணாவை, மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். கோபிக்காதேங்கோ.

உங்கள் ஆட்டைத்திவசம் இன்னும் முடியவில்லை என்று எனக்கும் தெரியும். மேல்மாடி ராணி அக்கா லிப்டுக்குள் வைத்தே கேட்டுவிட்டா: "செத்து வருசம் திரும்பேல்லை, அதுக்குள்ள ட்ரிப்போ?"

"ஓம் அக்கா, நீங்களும் வாறியளோ? ஒரு சீற் இருக்கு" என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் சிரித்தே என்னைக் காட்டிக்கொடுத்திருப்பீர்கள்.

என் பயம் ஊர்வாய்க்கு இல்லை. நீங்கள் போன நாளிலிருந்து அண்ணா எல்லாவற்றுக்கும் ஓம் என்கிறார். கறியில் உப்புக் கூடவோ என்றால் ஓம். குறைவோ என்றால் அதற்கும் ஓம். ஒரு கத்தரிக்காய் வாங்குவதற்கே உங்களோடு அரை நாள் வாதாடிய மனுசன்.

கனடாவிலிருந்து உங்கள் மகன் கேட்டான், "அப்பா, வீட்டை வித்திட்டு என்னோட வந்து இருங்கோவன்" என்று. அதற்கும் ஓம்தான். பிள்ளை பாசத்தில் கேட்கிறான், அவனில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் வருகிற கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். இவருக்கு உண்மையில் போக விருப்பமா, இல்லையா? ஓம் என்று சொல்லுகிற மனுசனோடு நான் எப்படி வாதாடுவது? விருப்பமில்லாமல் ஒரு சூட்கேஸ் மாதிரி ஏற்றி அனுப்பிவிடுவோமோ என்றுதான் என் பயம்.

அந்த நேரம்தான் எங்கள் ஒழுங்கைச் சனம், அயல்வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்து ஹோட்டன் சமவெளிக்கு ஒரு சின்ன பஸ் பிடித்தது. "அண்ணா, மரைமான் பாக்கப் போவமோ?" என்றேன். என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

முதல்நாள் இரவு நுவரெலியாவில் தங்கி, விடிகிற நேரம் பூங்கா வாசலுக்குப் போனோம். அங்கேதான் வெள்ளவத்தைக்காரரின் புத்தி வெளிச்சத்துக்கு வந்தது. ஆளுக்கொரு மத்தியானச் சோத்துப் பார்சல் கட்டியிருந்தோம், எல்லாம் லஞ்ச் ஷீற்றில் சுற்றியது. "பொலித்தீன் பே, நோனா" என்று காவலாளி சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்துவிட்டார். பொலித்தீன் உள்ளே விடமாட்டார்களாம். சமைத்த சோற்றை எறிய எங்களுக்கு மனம் வருமா? பல் கிடுகிடுக்க, பஸ்ஸுக்குள் இருந்து, விடியக் காலமையிலேயே மத்தியானச் சாப்பாட்டை முடித்தோம். கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல், தடிமனான பருப்பு. அண்ணாவும் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கோ அண்ணா?"

"ஓம்."

உள்ளே போனதும் ஒரே பனி. யன்னலுக்கு வெளியே முதலில் வெறும் வெள்ளை, பிறகு ஒரு மரம், பிறகு அந்த மரமும் இல்லை. பஸ் ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. யாரும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒரு கருங்குரங்கு கிளையில் குந்தியிருந்து எங்களைப் பார்த்தது. கண் இமைத்துத் திறக்க, அதைக் காணவில்லை.

எனக்குக் கண் சொக்கியது. யன்னலோரம் நீங்கள் இருப்பது போலவும், உங்கள் சேலைத் தலைப்பு என் கையில் படுவது போலவும் இருந்தது. விழித்தால் போய்விடுவீர்களோ என்று கண்ணைத் திறக்காமல் கிடந்தேன். உண்மையைச் சொல்லுங்கோ மச்சாள், வந்தீர்களா?

பஸ் நின்றது. பாதையோரப் புல்லில் பெரிய கொம்போடு ஒரு மரை. முதுகு மயிரெல்லாம் பனித்துளி. எங்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன்பாட்டில் மேய்ந்தது. அது மெல்லுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. சனம் படம் எடுத்து முடித்தது.

"வெயில் ஏற முன்னம் மற்றப் பக்கமும் பாக்கோணும், போவமோ?" என்று சாரதி கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"மாட்டன்" என்று ஒரு குரல் கேட்டது.

யாரடா இது என்று திரும்பினேன். அண்ணா, மச்சாள். நம்மட அண்ணா.

"என்ன அண்ணா?"

"அது இன்னும் திண்டு முடிக்கேல்லை. கொஞ்சம் நிப்பம்."

சாரதி எஞ்சினை நிறுத்தினார். பின்சீட்டில் யாரோ அலுத்துக்கொண்டார்கள். அலுக்கட்டும். மரையைப் பார்த்தபடியே அண்ணா மெல்லச் சொன்னார்: "கனடாவுக்கும் மாட்டன். வசந்தி இருந்த வீட்டை என்னால விக்கேலாது. நீ அவனுக்குச் சொல்லு, எனக்கு வாய் வருகுதில்லை."

சொல்லிவிட்டு, கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதார். செத்தவீட்டிலும் அழாத மனுசன். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. மரை பனிக்குள் இறங்கிப் போகும்வரை பஸ் அசையவில்லை.

இன்று பின்னேரம் உங்கள் மகனோடு கதைக்கப்போகிறேன். "அவரைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி மாமி நிம்மதியா இருக்கிறது?" என்று கேட்பான். கீழ்மாடியில் நான் பின்னே எதற்கு இருக்கிறேன்?

காலையில் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதென்ன கழுவின தண்ணியோ?" என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பிறகு வேறு தேத்தண்ணி போட்டேன். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கும்வரை போட்டுக் கொடுப்பேன் மச்சாள், இது சத்தியம்.

உங்கள் மனிசனின் தங்கச்சி,
உங்கள் மச்சாள் சாந்தி
வெள்ளவத்தை